கெப் (பிக்கப்) வண்டிக்கு ஏர் பேக் போட்டால் என்ன பயன்?

இங்கே ஏர் பேக் என்பது விபத்தில் விரியும் பை அல்ல. பின் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் இடையில் பொருத்தும் தடித்த ரப்பர் பை. ஸ்பிரிங்குகள் அப்படியே இருக்கும். இது அவற்றுக்குத் துணை.

நுவரெலியாவில் மரக்கறி மூட்டைகளை ஏற்றியதும் கெப்பின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கும். முன் டயர்களில் பாரம் குறைவதால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். ஹெட்லைட் வேறு மேலே அடிக்கும். ரம்பொடை வளைவுகளில், அதுவும் பனிமூட்டத்தில், இது பெரிய ஆபத்து. ஏர் பேக்கில் காற்றடித்தால் வண்டி மறுபடி சமமாக நிற்கும்.

கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் போதாதா? போதும், ஆனால் வெறும் வண்டி குலுக்கி எடுத்துவிடும். காற்றையோ கூட்டலாம், குறைக்கலாம். சைக்கிள் கரியரில் மூட்டை வைக்கும்போது டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிப்பது போலத்தான். சுமை இறக்கிய பிறகும் பையின் காற்றை முழுவதும் இறக்கிவிடாதீர்கள். காற்றில்லாத பை நசுங்கிக் கிழியும்.

மலைநாட்டுக்கு ஒன்று முக்கியம்: இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அமுங்கும் பையின் காற்று மற்றப் பைக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும்.

அப்புறம், ஏர் பேக் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான், வண்டிக்குக் குறித்த எடை எல்லை ஒரு கிலோகூட உயராது.