ஆர்வியில் ஊர் சுற்றும்போது சிக்னலுக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: மிச்சிகனில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த வருடம் ஓய்வு பெற்றேன், வயது 66. நானும் மனைவியும் ஒரு ஆர்வி (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டி) வாங்கியிருக்கிறோம், ஏப்ரலில் கிளம்பி ஒரு வருடம் அமெரிக்கா முழுக்கச் சுற்றுவதாகத் திட்டம். தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவுக்கு 88 வயது. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் காபி குடிக்கும்போது வீடியோ காலில் பேசுவோம், அது தவறக்கூடாது. வண்டி விற்ற கடைக்காரர் சிக்னல் பூஸ்டர், கூரை ஆன்டெனா, ரூட்டர் எல்லாம் சேர்த்து 2,400 டாலர் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சார். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் எங்கே வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கே இன்னும் தெரியாது.

முதலில் பூஸ்டர். ஏற்கெனவே வருகிற சிக்னலைத்தான் அது பெருக்கும், இல்லாத இடத்தில் எதையும் உண்டாக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டி-மொபைல் கிராமப்புறங்களில் பெரிதும் நம்பியிருக்கும் 600 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கடைகளில் கிடைக்கும் சாதாரண பூஸ்டர்கள் தொடுவதே இல்லை. அதனால் உங்கள் போன் அந்த கம்பெனியுடையது என்றால் பாதிப் பணம் வீண். ஒரு மாதம் சுற்றிப் பார்த்த பிறகு, ‘ஒரு கோடு வருகிறது, ஆனால் போதவில்லை’ என்கிற இடங்கள் அதிகம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் உங்கள் போன் கம்பெனியிடம் பூஸ்டரைப் பதிவு செய்ய வேண்டும், அது சட்டம்.

முதல் செலவு இரண்டாவது போன் லைனாக இருக்கட்டும். உங்கள் போன் ஒரு கம்பெனி, மனைவியின் போன் வேறு கம்பெனி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பெயர் வேறாக இருந்தாலும் டவர் ஒன்றாக இருக்கும். விசிபிள் ஓடுவது வெரைசன் டவரில், கிரிக்கெட் ஏடி&டி டவரில், மின்ட் டி-மொபைல் டவரில். வெரைசனும் விசிபிளும் வைத்துக்கொண்டு ‘இரண்டு இருக்கிறது’ என்று நினைத்தால், நெவாடாவின் 50ஆம் நெடுஞ்சாலையில் இரண்டும் சேர்ந்தே செத்துப்போகும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பிராட்பேண்ட் மேப்பில் கம்பெனி வாரியாகப் பார்க்கலாம், வெளியே நின்றால் எப்படி, வண்டிக்குள் எப்படி என்று தனித்தனியாகக் காட்டும். வண்டிக்குள் என்பதையே பாருங்கள். பல கம்பெனிகள் சில நாட்களுக்கு ஈசிம்மை (கார்டு இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) இலவசமாகச் சோதித்துப் பார்க்கவும் தருகின்றன.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். போனில் பார்க்கத்தான் அளவில்லை, ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்புக்கோ டிவிக்கோ கொடுக்கும் வேகமான டேட்டாவுக்கு ஒரு அளவு உண்டு. நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி போகும். ராத்திரி இரண்டு மணி நேரம் படம் பார்த்தால் மாதம் 180 ஜிபி, 50 ஜிபி ஹாட்ஸ்பாட் என்றால் ஒன்பதாம் நாள் காலி. படத்தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல வைஃபை உள்ள ஊரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மா விஷயம். தஞ்சாவூரில் காலை ஏழு மணி என்றால் இங்கே கோடையில் மிச்சிகனில் இரவு 9.30, டென்வர் பக்கம் 7.30. இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வைஃபையில் படம் போடும் நேரம் சரியாக அதுதான்! அவர்களுடைய வைஃபையை மெயில் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அதை நம்பாதீர்கள். டவரிலும் அந்நேரம் நெரிசல்தான், அப்போது விலை மலிவான திட்டங்களைத்தான் முதலில் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஆகவே ஒரு லைனாவது பெரிய கம்பெனியின் நல்ல திட்டமாக இருக்கட்டும். ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லெட்டில் பேசாமல் நேரே அந்தப் போனிலேயே பேசுங்கள்.

வீட்டு இன்டர்நெட் பெட்டியைக் கழற்றி வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். அந்தத் திட்டம் உங்கள் வீட்டு முகவரிக்கானது. இடம் மாறினால் நிறுத்தக்கூடும்.

டவரே இல்லாத இடத்தில் நிறைய நாள் தங்குவீர்கள் என்றால், சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் ரோம் திட்டம் இருக்கிறது. 2025இல் டேட்டா அளவுள்ள திட்டம் மாதம் 50 டாலர், அளவில்லாதது 165 டாலர். உங்களுக்கு மினி டிஷ் போதும், அது 25 முதல் 40 வாட்தான் இழுக்கும். அதையும் நாள் முழுக்க ஓடவிட்டால் சுமார் 700 வாட்-மணி, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் பாதிக்கு மேல் போச்சு, ஆகவே வேண்டும்போது மட்டும் போடுங்கள். டிஷ்ஷைக் கூரையில் ஆணி அடித்தாற்போல் பொருத்திவிட வேண்டாம். அதற்கு மரக்கிளை மறைக்காத திறந்த வானம் வேண்டும், வெயில் காலத்தில் நமக்கோ மர நிழல் வேண்டும். நீளமான கேபிள் வாங்கினால் நீங்கள் நிழலில், டிஷ் வெயிலில்.

கேள்வி: பேங்க் ஓடிபி எப்படி வரும்? இதையும் மனைவி கேட்கச் சொன்னார்.

பதில்: நல்ல வேளை கேட்டார். இப்போதைய செல் நம்பரை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இணைய வழி இலவச நம்பர்களுக்குப் பல அமெரிக்க பேங்குகள் ஓடிபி அனுப்புவதில்லை. போனில் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) இயக்கி வையுங்கள், டவர் இல்லாவிட்டாலும் டிஷ் வழியாக எஸ்எம்எஸ் வந்துவிடும். ஆனால் அப்படிப் பேசும்போது அவசர உதவிக்கு 911ஐ அழைத்தால், நீங்கள் பதிவு செய்த பழைய மிச்சிகன் முகவரி அவர்களுக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு, அதை செட்டிங்கில் மாற்றிக்கொண்டே இருங்கள். இந்தியாவில் என்ஆர்ஐ கணக்கு இருந்தால், ஓடிபிக்கு அமெரிக்க நம்பரைப் பதிவு செய்ய முடியுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் டவர் இல்லாத காட்டிலும் சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்கலாம், கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே அதன் டெமோவை ஒருமுறை செய்து பாருங்கள்.

அப்புறம், அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் பக்கம் போனால், ரேடியோ தொலைநோக்கிக்காக 1958 முதல் அலைகளையே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி நாட்களை முன்கூட்டியே ஒரு காலண்டரில் குறித்து தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டால், ஏழு மணிக்குப் போன் வரவில்லையே என்று அவர் பதறாமல் காபியைக் குடிப்பார்.