டேட்டாஸ்டோர் நிரம்பிவிட்டது: எட்டு மாத ஸ்னாப்ஷாட்டை அழிக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் சரக்குப் பெட்டக நிலையம் (சி.எஃப்.எஸ்.) நடத்துகிறோம். இரண்டு ஹோஸ்ட் (சர்வர்களை ஓட்டும் இயந்திரம்), ஒரு ஸ்டோரேஜ், வி.எம்.வேர் 7 என்ற மென்பொருளில் 14 மெய்நிகர் சர்வர்கள். அவற்றின் டிஸ்க் கோப்புகள் இருக்கும் 4 டி.பி. டேட்டாஸ்டோரில் இப்போது 11 ஜி.பி.தான் மிச்சம். கேட் பாஸ் சர்வர் போன வாரம் ஒருமுறை நின்றுபோனது. அதில் எட்டு மாதத்துக்கு முன்பு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் ‘அப்டேட்டுக்கு முன் பேக்கப்’ என்று எடுத்த ஸ்னாப்ஷாட் 410 ஜி.பி. அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. ‘அழித்தால் எட்டு மாத டேட்டா போய்விடும், புது ஸ்டோரேஜ் வாங்குங்கள்’ என்று 18 லட்சத்துக்குக் கோட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அழிக்கலாம், டேட்டா போகாது. ஆனால் எந்த இடத்தில், எந்தப் பொத்தானை அழுத்தி அழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோட்டேஷனை அதுவரை மேசையிலேயே வைத்திருங்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. பேரேட்டை மூடிவைத்துவிட்டு அன்றாட வரவு செலவைத் தனிச் சிட்டையில் எழுதிக்கொண்டே போவது மாதிரி, புதிய எழுத்தெல்லாம் இன்னொரு கோப்பில் சேர்கிறது. உங்கள் 410 ஜி.பி. அந்தச் சிட்டைதான். ‘டிலீட்’ கொடுத்தால் சிட்டையில் இருப்பதெல்லாம் பேரேட்டில் ஏறி, அதன்பிறகுதான் சிட்டை கிழிக்கப்படும். சர்வர் இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும். ‘ரிவர்ட்’ கொடுத்தால் சிட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு எட்டு மாதம் பின்னால் போய்விடும். ஏ.எம்.சி. ஆள் பயமுறுத்தும் இழப்பு ‘ரிவர்ட்’டில் நடப்பது. இரண்டும் ஒரே திரையில் அருகருகே இருப்பதால், அழுத்தும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று படித்துப் பார்க்கட்டும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதில் மட்டும் கை வைக்கவே கூடாது. டேட்டாஸ்டோரைத் திறந்து, டிஸ்க் பெயருக்குப் பின்னால் 000001 என்று ஆறு இலக்கம் ஒட்டியிருக்கும் கோப்பைப் ‘பழையது, வேண்டாதது’ என்று நினைத்து நேரடியாக நீக்குவது. இடம் காலியாகும், எட்டு மாதக் கணக்கும் சேர்ந்து காலியாகும். பெயரில் எண் இருப்பதுதான் புதியது.

வேலைக்கு முன் டேட்டாபேஸை உள்ளிருந்தே பேக்கப் எடுத்து, அதே ஸ்டோரேஜில் அல்லாத ஒரு நாஸ் (நெட்வொர்க் வழிச் சேமிப்பு) பெட்டிக்கோ யு.எஸ்.பி. டிஸ்குக்கோ அனுப்புங்கள். முழு சர்வரையும் படமெடுக்கும் பேக்கப் மென்பொருளை இப்போது ஓட்ட வேண்டாம். அது தன் பங்குக்கு இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுக்கும், 11 ஜி.பி. மிச்சமுள்ள இடத்தில் அது நடந்தால் அதே டேட்டாஸ்டோரில் இருக்கும் மற்ற சர்வர்களும் வரிசையாக நிற்கலாம். எடுத்த பேக்கப் கோப்பை வேறொரு கணினியில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி கேட் அவுட் பதிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் அது பேக்கப்.

பிறகு சனி இரவு, கப்பல் வரிசை குறைவாக உள்ள நேரமாகப் பார்த்து, சர்வரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு ‘டிலீட்’ கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதும் செய்யலாம். ஆனால் எழுத்து வந்துகொண்டே இருந்தால் வேலை இழுக்கும், கடைசி நிமிடத்தில் சர்வர் சில நொடிகளோ அதற்கு மேலோ உறைந்தும் போகும். அந்த நேரத்தில் கேட்டில் லாரி நின்றால் கூச்சல்தான். வினாடிக்கு 50 எம்.பி. வேகத்தில் கணக்குப் போட்டால் 410 ஜி.பி.க்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். சாதாரண சுழல் டிஸ்க்குகளில் எழுத்து சிதறிக் கிடக்கும் என்பதால் அதைப்போல மூன்று நான்கு மடங்குகூட ஆகலாம். முழு இரவையும் ஒதுக்குங்கள். யு.பி.எஸ். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்னதாகவே பார்த்துவையுங்கள்.

95, 99 சதவீதத்தில் முன்னேற்றப் பட்டை அசையாமல் நிற்கும். பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஆரம்பித்த இணைப்பை, அதாவது சிட்டையைப் பேரேட்டில் ஏற்றும் வேலையை, நடுவில் ரத்து செய்ய முடியாது. திரையில் ‘டைம் அவுட்’ என்று வந்தாலும் ஹோஸ்டுக்குள் வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். ஹோஸ்டை ரீபூட் செய்யாதீர்கள். சர்வரின் கோப்புறையில் டிஸ்க் கோப்பு மாறிய நேரம் நகர்கிறதா, ஸ்டோரேஜில் எழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் காத்திருப்பது ஒன்றுதான் வேலை.

முடிந்ததும் ‘கன்சாலிடேஷன் தேவை’ (இன்னும் இணைக்க வேண்டியிருக்கிறது) என்ற மஞ்சள் எச்சரிக்கை வந்தால் எங்கோ ஒரு கோப்பு பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். அநேகமாகப் பேக்கப் வேலை செய்யும் சர்வரில் உங்கள் டிஸ்க் இணைந்தபடியே நிற்கும். அதைக் கழற்றும்போது ‘டேட்டாஸ்டோரிலிருந்தும் நீக்கு’ என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடக் கூடாது. அங்கே தெரிவது நகலல்ல, உங்கள் அசல் டிஸ்க்.

இனி, உங்களுக்குத் தடையாக வரக்கூடிய ஒரு விஷயம். மூல டிஸ்க் ‘திக்’ முறையில் உருவாக்கப்பட்டிருந்தால் அதன் முழு இடமும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். இணைப்புக்குப் புதிதாக இடம் அநேகமாகத் தேவைப்படாது. தேவைக்கேற்ப மட்டும் இடம் பிடிக்கும் ‘தின்’ முறை என்றால் கதை வேறு. இணைக்க இணைக்க மூல டிஸ்க் வளரும், இணைந்து முடிந்த பிறகுதான் சிட்டை நீங்கும். 600 ஜி.பி. என்று காட்டும் டிஸ்க் உண்மையில் 350 ஜி.பி. மட்டுமே பிடித்திருந்தால், நடுவில் அதிகபட்சம் இன்னும் 250 ஜி.பி. கேட்கும். 11 ஜி.பி.யை நம்பி இறங்கினால் நடுவழியில் நிற்பீர்கள். டிஸ்க் எந்த வகை என்பது சர்வரின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

‘தின்’ என்றால் இடம் திரட்ட எளிய வழி ஒன்று: ஓடும் ஒவ்வொரு சர்வரும் தனக்கு ரிசர்வ் செய்யாத மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பை டேட்டாஸ்டோரில் வைத்திருக்கும். 32 ஜி.பி. மெமரி கொடுத்த டெஸ்ட் சர்வரை அணைத்தாலே 32 ஜி.பி. திரும்பி வரும். யாரும் தொடாத ஐ.எஸ்.ஓ. (நிறுவல் டிஸ்க் நகல்) கோப்புகளும் பத்து இருபது ஜி.பி. தேறும். அதுவும் போதாவிட்டால், அணைத்த சர்வரை இரண்டாவது ஹோஸ்டின் உள் டிஸ்குக்கு ‘குளோன்’ செய்யுங்கள். குளோனில் ஸ்னாப்ஷாட் வராது. இன்றைய நிலை ஒரே டிஸ்காக இணைந்து வரும். மூலத்தை யாரும் தொடுவதில்லை என்பதால் இதில் ஆபத்தும் குறைவு. ஆனால் குளோனுக்கு நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி (அதன் அடையாள எண்) மாறிவிடும். விண்டோஸில் போட்டிருந்த நிலையான ஐ.பி. போய்விடலாம், மேக் முகவரியோடு பிணைத்த மென்பொருள் உரிமம் எழுந்திருக்க மறுக்கலாம். ஐ.பி. விவரத்தை முன்பே எழுதிவையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் ஏற்றிவிடாதீர்கள். குளோன் ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகுதான் பழையதை நீக்க வேண்டும்.

இதற்கிடையே மறுபடியும் சர்வர் நின்று, ‘இடமில்லை’ என்று ஒரு கேள்வி திரையில் வந்தால் ‘கேன்சல்’ அழுத்தாதீர்கள். அது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். சிறிது இடம் காலி செய்துவிட்டு ‘ரீட்ரை’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எட்டு மாதம் ஸ்னாப்ஷாட்டை விட்டுவைத்தவர்களே இன்று ஸ்டோரேஜ் விற்க வருகிறார்கள். வி.எம்.வேரின் சொந்த அறிவுரையே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, அதைப் பேக்கப்பாக எண்ணாதே என்பதுதான். மூல டிஸ்க் கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் உதவாது. இது தெரியாமல் ஏ.எம்.சி. எடுத்தார்கள் என்றால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்? தெரிந்தே சொல்லவில்லை என்றால் பேச்சே வேண்டாம். பர்ச்சேஸ் பிரிவுகளும் இப்படித்தான்: மாதம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் பட்டியல் கேட்க யாரும் இல்லை, 18 லட்சத்துக்கு மூன்று கோட்டேஷன் வாங்க மட்டும் குழு கூடும். புதுப் பெட்டி வாங்கினால் அந்த 410 ஜி.பி.யும் அதில் குடியேறி, அங்கேயும் வளரும்.

அடுத்து அவர்கள் வரப்போவது உரிமத்தோடு. வி.எம்.வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர உரிம விற்பனை நின்றது. பதிப்பு 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-இல் முடிந்துவிட்டது. இதை வைத்து ‘உங்கள் பழைய உரிமம் செல்லாது’ என்பார்கள். வாங்கிய நிரந்தர உரிமத்தில் ஓட்டலாம். திருத்தங்களும் ஆதரவும்தான் கிடைக்காது, அதனால் மாறத் திட்டமிட வேண்டும். ஆனால் பீதியில், இந்த வாரம் வேண்டாம். புதிய சந்தா கோர் கணக்கில் வருகிறது, ஒரு சி.பி.யூ.வுக்குக் குறைந்தது 16 கோர். ஹோஸ்டுக்கு இரண்டு 10 கோர் சி.பி.யூ. இருந்தால் இரண்டு ஹோஸ்டுக்கும் சேர்த்து 40 அல்ல, 64 கோருக்குக் காசு. பாதி விலையில் ‘லைஃப்டைம் கீ’ என்று யாராவது தந்தால் அது திருட்டுச் சாவி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாஸ்டோர் 75 சதவீதத்தில் மஞ்சளும் 85-இல் சிவப்பும் காட்டும் அலாரம், வி.எம்.வேரின் நிர்வாக மென்பொருளான வி-சென்டரிலேயே இருக்கிறது. மெயில் சர்வர் விவரம் நிரப்பாததால் அது யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும். நிரப்பி, உங்கள் மேலாளர் முகவரியையும் சேருங்கள். நாஸ் பெட்டியை ஸ்டோரேஜ் ரேக்கிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் தரைத்தளங்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். ஒரு நகல் மாடியிலும் ஒன்று வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். ஏ.எம்.சி. புதுப்பிக்கும் தாளில், எடுக்கும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் நீக்கும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.