ஸ்லோவில் 2800 காட்டும் மீற்றர்: சிடிஐ வாங்க ஓடாதீர்கள்

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னுடைய பஜாஜ் சிடி 100 இல் ஆர்பிஎம் மீற்றர் (எஞ்சின் நிமிசத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) இல்லை. வெளியில் ஒன்று வாங்கிக் கடையில் கொடுத்துப் பூட்டினேன். முறுக்காமல் ஸ்லோவில் நிற்கும்போதே 2800 காட்டுகிறது. முறுக்கினால் முள் துள்ளுகிறது. பூட்டியவர் சிடிஐ பழுது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். சிடிஐ என்பது பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்ன எலக்ரோனிக் பெட்டி. அது பழுதானால் பைக் ஸ்டார்ட் வராது, அல்லது ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கும். உங்கள் பைக் ஒரே உதையில் ஸ்டார்ட் வந்து ஒழுங்காக ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறகெதற்குச் சிடிஐயைப் பிடிக்கிறார்கள்? மீற்றரும் பழுதில்லை. அதன் செற்றிங் பிழை, அவ்வளவுதான்.

எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று மீற்றர் நேரே பார்ப்பதில்லை. பிளக்கில் விழும் பொறியை எண்ணித்தான் கணக்குப் போடுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் பெற்றோல் எரியும். ஆனால் பொறியைக் கட்டளையிடும் சென்சர், எஞ்சினின் கிராங் தண்டோடு சேர்ந்து சுற்றும் மக்னற் சில்லின் பக்கத்தில் இருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும். ஒன்று வேலைக்கு, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். அதனால் ஒரு கெடுதியும் இல்லை. உங்கள் மீற்றரோ "ஒரு பொறி என்றால் இரண்டு சுற்று" என்ற செற்றிங்கில் நிற்கிறது. வந்தது ஒரு மூட்டை உரம், பட்டியலில் இரண்டு என்று எழுதிய கணக்குத்தான். 2800 ஐப் பாதியாக்குங்கள், 1400. இந்த எஞ்சின் சூடான பிறகு ஸ்லோவில் நிற்க வேண்டிய அளவும் அதை ஒட்டியதுதான்.

மீற்றரின் பின்பக்கம் சிறு சுவிற்ச் இருக்கும், இல்லாவிட்டால் முன்பக்கப் பொத்தானை அமத்திப் பிடிக்க வேண்டும். அதை "ஒரு சுற்றுக்கு ஒரு பொறி" என்ற இடத்துக்கு மாற்றுங்கள். இப்படி மாற்ற வழியே இல்லாத மீற்றர் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிடி 100 தன் முழுப் பலத்தையும் 7500 சுற்றில் கொடுத்து முடிக்கிறது. அதற்குப் பதினையாயிரம் காட்டும் மீற்றரைப் பார்த்து கியர் மாற்றுவது எப்படி?

முள் துள்ளுவது வேறு விசயம். அநேகமாக, மீற்றருக்குப் பொறிக் கணக்கைக் கொண்டுவரும் சிக்னல் வயரைப் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பிரித்து, பெற்றோல் தாங்கிக்கு அடியில் மற்றப் பக்கத்தால் கொண்டு போங்கள். பிளக் வயரைச் சுற்றிச் சிக்னல் எடுக்கும் வகை என்றால் மூன்று நாலு சுற்றுப் போதும். பத்துச் சுற்றுச் சுற்றினால் துள்ளாமல் என்ன செய்யும். ஏர்த் வயரைப் பெயின்ற் பூசிய நட்டில் பூட்டினாலும் இதே கூத்துத்தான். சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். சிடிஐயில் இருந்து பிளக் கொயிலுக்குப் போகும் வயரில் சிக்னல் எடுத்திருந்தால், எஞ்சின் ஓடும்போது அதில் கை வைக்க வேண்டாம். 200 வோல்ற்றுக்கு மேல் அடிக்கும்.

மீற்றருக்குக் கரண்ட் எங்கே இருந்து எடுத்தார்கள் என்றும் பாருங்கள். முன் லைற் வயர் கைக்குக் கிட்ட இருக்கிறது என்று அதில் கொழுவிவிடுவார்கள். ஸ்லோவில் லைற் மங்கி, முறுக்கினால் பளிச்சென்று எரிகிறதா? அப்படியென்றால் அந்த வயரில் ஓடுவது மக்னற் கொயிலில் இருந்து நேரே வரும் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட். எலக்ரோனிக் மீற்றருக்கு அது ஆகாது. கீ திறந்தால் மட்டும் பற்றரிக் கரண்ட் வரும் வயரில், நடுவே ஒரு சின்னப் பியூஸ் வைத்து எடுங்கள்.

அதற்கும் பற்றரி இருக்க வேண்டுமே! எங்கள் பக்கத்தில் எத்தனையோ பைக் செத்த பற்றரியோடு ஓடுகிறது. சில பைக்கில் பற்றரிப் பெட்டிக்குள் துணிதான் இருக்கும். உதைத்தால் ஸ்டார்ட் வருகிறது, ஹோர்ன் அடிக்காவிட்டால் என்ன என்று விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட பைக்கில் மீற்றர் பூட்டவே பூட்டாதீர்கள். ஏசியைப் பற்றரிக்கு ஏற்ற டிசியாக்கும் ரெக்ரிபையரில் இருந்து வரும் கரண்ட் அலை அலையாகத்தான் வரும். பற்றரிதான் அதை அமைதிப்படுத்துகிறது. பற்றரி இல்லாவிட்டால் முறுக்கும் நேரம் வோல்ற் எகிறி, மீற்றருக்குள் இருக்கும் சின்னச் சிப்பை எரித்துவிடும். பிறகு கடைக்காரர் "சைனாச் சாமான் அப்படித்தான்" என்பார், இரண்டாவதையும் விற்பார். ஆகவே முதலில் மல்ரிமீற்றர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும். ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் நிற்க வேண்டும். நிற்கும்போதே 12 க்குக் கீழே கிடந்தால், மீற்றருக்குச் செலவழிக்கும் காசை முதலில் பற்றரியில் போடுங்கள். கிளிநொச்சிக்குப் போய் வாங்கினாலும் சரி, அங்கேயே வாங்கினாலும் சரி, நிரப்பிச் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லி, வோல்ற் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் கடைக்காரரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சாதாரண சனத்துக்குத் திரும்பத் திறக்க 2025 ஆனது. அந்த ஐந்து வருசமும் பழைய பைக்கைத்தான் ஒட்டி ஒட்டி ஓடினோம். ஒட்டுவதற்கு ஒரு வயரிங் படம் தமிழில் கேட்டால் கிடைக்காது. அதனால் பூட்டுகிறவரும் குத்துமதிப்பில் மெயின் வயரை வெட்டுகிறார், நாளைக்கு மழையில் அந்த முறுக்கிய ஒட்டுத்தான் பச்சை பிடித்துப் பைக்கை முறிகண்டியடியில் நிறுத்தும். ஒரு வயரையும் வெட்ட விடாதீர்கள். தோலை மட்டும் உரித்து, ஈயம் ஒட்டி, மேலே ரியூப் ஏற்றச் சொல்லுங்கள். "ஜப்பான் சாமான்" என்று கூட விலை கேட்கும் இடைத்தரகர்களிடம் மீற்றரே வாங்காதீர்கள். செற்றிங் தாள் இல்லாமல் வந்தால் அது எந்த நாட்டுச் சாமான் என்றாலும் உங்களுக்கு உதவாது.

உங்கள் கடிதம் வந்த பிறகு மீற்றர் பூட்டியவர் சிடிஐயை மாற்றிவிட்டிருந்தால், காசு கொடுக்க முதல் கழற்றியதைக் கையில் வாங்குங்கள். அது நல்ல சிடிஐ. அடுத்த வாடிக்கையாளரின் பைக்கில் "புதுசு" என்று ஏறுவதை விட உங்கள் வீட்டு லாச்சியில் கிடக்கட்டும்.