பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சிக்கினே ஜெர்மன் கத்துக்க முடியுமா, டைம் பத்துமா?

கேள்வி கேட்ட தம்பி வேலூர்ல ரெண்டாவது வருஷம் கெமிஸ்ட்ரி, மேல படிக்க ஜெர்மனி போற ஐடியா இருக்குன்னு எழுதியிருக்காரு. முடியும், நான் செஞ்சேன். ஆனா நான் செஞ்சதுல பாதி தப்பு, அதையும் சேத்தே சொல்லிடறேன்.

நமக்கு குடியாத்தம். காலேஜ் வேலூர்ல. காலைல பஸ்ஸ புடிச்சா கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடின்னு நின்னு நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும், அதான் என் ஜெர்மன் கிளாஸ். சீட்டு கெடச்சா நோட்டு, கெடைக்கலன்னா இயர்போன். மூணு கலர் பேனா வச்சிருந்தேன், பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற சொல்லு டேர்னா நீலம், டீன்னா செவப்பு, டாஸ்னா பச்சை, ஏன்னா அங்க மேஜை நாற்காலிக்குக் கூட ஆணு பொண்ணு ரெண்டும் இல்லாததுன்னு பிரிச்சி வச்சிருக்கான். லாஜிக் தேடாத. சூரியன் பொம்பள, நிலா ஆம்பள, சின்னப் பொண்ணு மட்டும் ரெண்டுலயும் சேராது. பக்கத்து சீட்டு பெரியம்மா ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு "இன்னாப்பா இது, கலர் கோலம் மாதிரி கீது"ன்னாங்க.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு, தமிழ்ல யோசிச்சா ஜெர்மன் பல எடத்துல ஈஸி. "எனக்குக் குளிருது"ன்னு நாம சொல்றத இங்கிலீஷ்ல "நான் குளிரா இருக்கேன்"ன்ற மாதிரி சொல்லணும், ஜெர்மன்ல "மியர் இஸ்ட் கால்ட்", அந்த மியர் அப்படியே நம்ம "எனக்கு"தான். (வேலூர் வெயில்ல இந்த வாக்கியம் எதுக்கு, "மியர் இஸ்ட் ஹைஸ்" போதும்.) அப்பறம் "வைல்"னு ஆரம்பிச்சி காரணம் சொன்னா வினைச்சொல் கடைசிக்குப் போயிடும், இங்கிலீஷ் மீடியம் பசங்க அங்க முட்டிக்குவாங்க, நமக்கு வினை கடைசில வர்றது பொறந்ததுலேர்ந்து பழக்கம். நம்பர்தான் கழுத்தறுப்பு. 53-ஐ "மூணும் அம்பதும்"னு திருப்பிச் சொல்லுவான், கேட்டு எழுதறப்ப நான் 35-னு போட்டது எத்தன வாட்டின்னு கணக்கே இல்ல.

கெமிஸ்ட்ரிக்கு இதால நஷ்டம் இல்ல, லாபம்தான். ஆர்கானிக்ல ஈ, இசட் ஐசோமர் வருமே, ரெட்டைப் பிணைப்புல முக்கியமான ரெண்டு குரூப்பும் ஒரே பக்கமா எதிர்ப் பக்கமான்னு, எது எதுன்னு கிளாஸே கொழம்பும். ஈன்னா எண்ட்கேகன், எதிரெதிர். இசட்னா ட்சுசாமன், சேந்து. அவ்ளோதான், அதுக்கப்பறம் மாறவே இல்ல. சோடியத்துக்கு ஏன் என்.ஏ, பொட்டாசியத்துக்கு ஏன் கேன்னு மனப்பாடம் பண்ண வேணாம், அவன் நாட்ரியம், காலியம்னுதான் கூப்புடறான். ஹைட்ரஜன் வாஸர்ஷ்டோஃப், அதாவது தண்ணிப் பொருள்.

இப்ப என் தப்பு. செமஸ்டர் வந்தா நாப்பது நாள் ஜெர்மன மூட்ட கட்டி வச்சிடுவேன். இனார்கானிக்க கடைசி பத்து நாள்ல உருட்டிப் புரட்டி பாஸ் ஆயிடலாம், எல்லாரும் அப்படித்தான், ஆனா மொழி அப்படி இல்ல, நாப்பது நாள் கழிச்சித் தொறந்தா பாதி காணாம போயிருக்கும். பரீட்ச அன்னிக்குக் கூட கால் மணி நேரம் காதுல ஓடட்டும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஒரு சென்டர்ல மொத்தமா பணத்தக் கட்டினேன், ரெண்டே மாசத்துல வாத்தியார் நின்னுட்டாரு, பணமும் வரல. மாசா மாசம் கட்டு. ப்ளஸ் டூல மார்க்குக்காக பிரெஞ்ச் எடுத்தவங்க மாதிரி சர்டிபிகேட்டுக்காகப் படிக்காத, அவங்கள்ல யாரையாவது இன்னிக்கு ஒரு வரி பேசச் சொல்லிப் பாரு.

கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தற பி1 (நடுத்தர லெவல்) ஜெர்மன் பரீட்சைல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 100-க்கு 60 வேணும். மூணு பாஸ், பேசறதுல அவுட்டு. ஆவாம இன்னா பண்ணும், மூணு வருஷம் நான் பஸ் ஜன்னல்கிட்டதானே பேசினேன். நல்லவேளை அந்த ஒரு பகுதிய மட்டும் திரும்ப எழுதலாம். அப்பதான் சி.எம்.சி. எதிர்ல காந்தி ரோடு லாட்ஜுல வேல செய்யற பசங்க ஞாபகம் வந்திச்சி, கல்கத்தாவுலேர்ந்து வர்ற பேஷண்ட்டுங்ககிட்ட பெங்காலில வாடகை பேரம் பேசுவானுங்க, ஒரு கிளாஸும் போனதில்ல. தப்பும் தவறுமா தெனம் வாயத் தொறக்கறாங்க, அதான். நானும் ஆன்லைன்ல ஒரு ஜோடி புடிச்சி வாரம் மூணு நாள் ஒளறினேன், ரெண்டாவது வாட்டி தாண்டிட்டேன்.

ஜெர்மனி போற கணக்கையும் இப்பவே நைனாகிட்ட பேசிடு. அரசு யுனிவர்சிடில பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் இல்ல, ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலேர்ந்து வர்ற பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியற கணக்குல, ஒரு வருஷ செலவு காட்டணும், 2024 செப்டம்பர்லேர்ந்து அது 11,904 யூரோ. நம்ம படிப்பு பேப்பர்லாம் உண்மைதான்னு சரிபாத்துத் தர்ற ஏ.பி.எஸ். சர்டிபிகேட்டும் வேணும். இங்கிலீஷ்லயே மாஸ்டர்ஸ் இருக்கு, ஆனா பார்ட் டைம் வேலைக்கும் வீட்டு ஓனருக்கும் ஜெர்மன் வேணும்.

நான் போகல, அந்த அக்கவுண்ட் காசுக்கு வழி இல்ல. இப்ப ராணிப்பேட்டைல தோல் கெமிக்கல் லேப்ல இருக்கேன். போன மாசம் வந்த ஒரு கேன்ல ஜெர்மன் லேபிள், "ஆமைசன்ஸொய்ர"ன்னு சத்தமா படிச்சேன். ஃபார்மிக் ஆசிட். கூட இருந்த அண்ணன் "இன்னா, ஆமையா?"ன்னாரு. "ஆமை இல்லண்ணே, எறும்பு. எறும்பு ஆசிட்"னேன். கைய தடவிக்கினே "அதான் பட்டா சுருக்குங்குதா"ன்னாரு.