'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் 'கவனன்ட்' எபிசோடை மறுபடி பார்க்கிறேன். அதில் ஒரு மதச் சபையை நடத்தும் டுகாட் தன் கடவுள்களை உண்மையிலேயே நம்பினானா, நடித்தானா?

முழுக்க நம்பினான். கூடவே ஏமாற்றவும் செய்தான். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதுதான் கதையே. முதல் முறை பார்க்கும்போது மாத்திரைக் காட்சியில் குட்டு உடைந்ததும், "அட, எல்லாம் வேஷமா" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். இரண்டாம் முறை அந்தத் தீர்ப்பு நிற்காது. (கதை முடிவு வரை பேசுகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கதை நினைவில்லாதவர்களுக்காக: சீசன் 7, எபிசோட் 9. 1998 நவம்பரில் ஒளிபரப்பானது, எழுதியவர் ரெனே எச்செவாரியா. கைவிடப்பட்ட எம்போக் நோர் விண்வெளி நிலையத்தில் டுகாட் ஒரு சபை நடத்துகிறான். அவன் ஒரு கார்டாஸியன், பேஜோர் கிரகத்தை முன்பு ஆக்கிரமித்திருந்த இனத்தவன். பேஜோர் மக்கள் தெய்வமாகக் கும்பிடும் தீர்க்கதரிசிகளுக்கு எதிரிகளான பா-ரெய்த்கள்தான் அங்கே கடவுள். தொடரின் முக்கியப் பாத்திரமான பேஜோரியப் பெண் கிராவை, அவளுடைய பழைய குருவான வெடெக் (பேஜோர் மதகுரு) ஃபாலாவை வைத்தே அங்கே கடத்திவருகிறார்கள்.

இதைத் தனி எபிசோடாகப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். நேரமில்லை என்றால் சீசன் 6-இன் 'வால்ட்ஸ்', அதே சீசனின் கடைசி எபிசோடான 'டியர்ஸ் ஆஃப் த ப்ராஃபெட்ஸ்' இரண்டும் போதும். முதலாவதில் டுகாட்டின் புத்தி பேதலிக்கிறது. இரண்டாவதில் பா-ரெய்த் அவன் உடம்புக்குள் புகுகிறது. இன்னும் ஒன்று பார்க்க முடிந்தால் சீசன் 4-இன் 'இன்டிஸ்க்ரெஷன்'. சில பட்டியல்களில் அது 5-ஆவது, சிலவற்றில் 4-ஆவது. அந்த சீசனின் முதல் கதை இரட்டை நீளம் என்பதால் எண்ணிக்கை மாறும், ஆகவே பெயரை வைத்தே தேடுங்கள். கார்டாஸியனுக்கும் பேஜோரியப் பெண்ணுக்கும் பிறந்த தன் மகளைக் கொன்றுவிடலாம் என்று கிளம்பியவன், கடைசி நொடியில் முடியாமல் அவளை அணைத்துக்கொள்வது அதில்தான். 'கவனன்ட்'டில் மறுபடி அதே மாதிரி ஒரு கலப்புக் குழந்தை, அதே மாதிரி ஒரு ரகசியம். இந்த முறை அவன் கை பின்வாங்குவதில்லை.

ஒரு கார்டாஸியனை, அதுவும் ஆக்கிரமிப்புக் காலத்தில் பேஜோரையே ஆட்சி செய்தவனை, பேஜோரியர்கள் குருவாக ஏற்பார்களா என்று பலர் கேட்பதுண்டு. 1993-இல் தொடரின் முதல் கதையிலேயே சிஸ்கோ என்ற பூமிக்காரரைத் தீர்க்கதரிசிகளின் தூதராக ஏற்றவர்கள்தானே இவர்கள்? வெளியாள் என்பது அவர்களுக்குத் தடையே இல்லை. அதோடு சபையின் வாதமும் லேசானதில்லை: அரை நூற்றாண்டு ஆக்கிரமிப்பில் நாங்கள் செத்துக்கொண்டிருந்தபோது தீர்க்கதரிசிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதற்குக் கிராவிடம் சரியான பதில் இல்லை. கோபம்தான் இருக்கிறது. எழுத்தாளர் வேண்டுமென்றேதான் அவளை அங்கே நிறுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

சபை எப்படி இயங்குகிறது என்பதைப் பாருங்கள். பூட்டு இல்லை, சவுக்கு இல்லை. எல்லாம் அனுமதியில் ஓடுகிறது. கணவன் மனைவியே ஆனாலும் பிள்ளை பெற்றுக்கொள்ள டுகாட்டின் உத்தரவு வேண்டும். பென்யனும் மீக்காவும் அப்படி உத்தரவு வாங்கிய தம்பதி. ஒருவரின் படுக்கையறை வரை முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்ட பிறகு, உயிரையும் கொடு என்று கேட்பது பெரிய தாவல் இல்லை. கிரா துப்பாக்கியை எடுத்து டுகாட்டைக் குறிபார்க்கும் இடத்தில் அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். யாரும் உத்தரவிடாமலே குறுக்கே வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது மீக்காவின் பிரசவம். குழந்தையின் முகத்தில் கார்டாஸியன் மேடுகள். எல்லோரும் திகைத்துப்போகிறார்கள். டுகாட்டாக நடிக்கும் மார்க் அலைமோ இங்கே ஒரு கணம்தான் தடுமாறுகிறார், உடனே இதை அற்புதம் என்று அறிவிக்கிறார். முதல் முறை இது பச்சைப் பொய்யாகத் தெரியும். ஆனால் சொல்லச் சொல்ல அவன் குரலில் உறுதி ஏறுவதைக் கேளுங்கள், தானே நம்பத் தொடங்கிவிடுகிறான். பிறகு குழந்தைக்கு அப்பன் தான்தான் என்ற உண்மையை மீக்கா சொல்லிவிடுவாள் என்று தெரிந்ததும் காற்றுப்பூட்டு அறையில் அடைத்து அவளைக் கொல்லப் பார்க்கிறான்.

உங்கள் கேள்விக்கு விடை அதன் பிறகு வருகிறது. அவன் தனியாக பா-ரெய்த்களிடம் பிரார்த்திக்கும் காட்சி. எதிரே கூட்டம் இல்லை, யாரையும் மயக்க வேண்டிய தேவையும் இல்லை. வேஷக்காரனாக இருந்தால் இந்த இடத்தில் வேஷம் கலைய வேண்டும். கலையவில்லை. தன் தவறுக்கு வருந்துகிறான், வழி கேட்கிறான். கேட்டுவிட்டு, கடவுள் சொன்னதாக அவன் கொண்டுவரும் வழி என்ன தெரியுமா? தன் குற்றத்துக்குச் சாட்சியான அத்தனை பேரும் விஷம் தின்று சாக வேண்டும், தான் மட்டும் பிழைக்க வேண்டும்.

விஷ மாத்திரைகள் தரையில் சிதறியதும், தனக்காக வைத்திருந்த விஷமில்லாத மாத்திரை எது என்று தேடுகிறானே, அந்தச் சில நொடிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்றை எடுத்து விழுங்கு, எல்லாம் ஒன்றுதானே என்று கிரா மடக்குகிறாள். அவனால் முடியவில்லை. நிஜச் சம்பவங்களோடு வைத்துப் பார்த்தால் இது கூர்மையான தேர்வு. 1978-இல் ஒரு மதச் சபையின் குடியிருப்பான ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைவர் ஜிம் ஜோன்ஸ் செத்தது விஷத்தால் அல்ல, துப்பாக்கிக் குண்டால். இந்த எபிசோடுக்கு 20 மாதம் முன்பு, 1997 மார்ச்சில், ஹெவன்ஸ் கேட் என்ற மதக் குழுவில் 39 பேர் கூட்டாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். அங்கே தலைவரும் சேர்ந்தே செத்தார். இறந்தவர்களில் ஒருவர், ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடரில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸின் சகோதரர்.

குறையும் உண்டு. குட்டு உடைந்ததும் கூட்டம் ஒரு நிமிடத்தில் மனம் மாறுவது நம்பும்படி இல்லை. நாற்பத்தைந்து நிமிட அளவுக்குள் முடிக்கிற அவசரம். அதை ஓரளவு காப்பாற்றுவது ஃபாலா. எல்லாம் தெரிந்த பிறகும் கீழே கிடந்த ஒரு மாத்திரையை எடுத்து விழுங்குகிறார். அவமானமா, விடாத நம்பிக்கையா, கதை சொல்வதில்லை.

பார்க்கும் விதம் பற்றி ஒன்று. இந்தத் தொடர் எச்.டி.க்கு முழுமையாக மறுசீரமைக்கப்படவில்லை. எம்போக் நோரின் இருட்டுக் காட்சிகள் பெரிய திரையில் சேறாகத் தெரியும். 4:3 அளவை இழுத்து அகலப்படுத்தாமல், அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் அதே சீசனின் 'பெனம்ப்ரா'வில் தொடங்கித் தொடரின் கடைசி வரை போங்கள். அங்கே டுகாட் முகத்தையே பேஜோரியனாக மாற்றிக்கொண்டு பேஜோர் மதத் தலைவியான வின்னிடம் போகிறான். இங்கே ஃபாலாவிடம் எடுபட்டது அங்கே அவளிடம் இன்னும் நிதானமாக எடுபடுகிறது.