பிறப்பு விகிதம் ஏறினால் உங்கள் வகுப்பறை நிரம்புமா?

வாசகி ஒருவரின் கேள்வி: பதினோரு வருடமாக மழலையர் பள்ளி நடத்துகிறேன். முன்பெல்லாம் இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். இந்த வருடம் ஒரு பிரிவையே மூடிவிட்டேன். பிறப்பு குறைகிறது என்று இரண்டாவது குழந்தைக்கு அரசு உதவித்தொகை அறிவித்திருக்கிறது. நாலைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கூட்டம் திரும்பி வருமா? பக்கத்துக் கட்டிடம் பத்து வருட லீஸுக்கு வருகிறது, எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் அந்த உதவித்தொகையை நம்பி எடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறப்பு விகிதம் ஏறுமா என்பது ஒன்று, பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறுமா என்பது இன்னொன்று. செய்திகளில் வரும் 1.4, 1.6 எல்லாம் விகிதம். ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்ற கணக்கு. மக்கள்தொகை தலைமுறைக்குத் தலைமுறை குறையாமல் இருக்க அது சுமார் 2.1 ஆக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் பள்ளிக்கு விகிதம் வந்து சேராது, பிள்ளைகள்தான் வந்து சேர வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் 1,000 பெண்கள், ஆளுக்கு 1.4 குழந்தை. மொத்தம் 1,400 பிள்ளைகள். அதில் பெண் குழந்தைகள் 680 பேர் என்று வைப்போம். இந்த 680 பேர் வளர்ந்து தாயாகும் காலத்தில் விகிதம் 1.8க்கு ஏறிவிடுகிறது. அரசு கொண்டாடும், தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும். பிறப்பது எத்தனை? 1,224. சரி, 2.0க்கே ஏறட்டும். 1,360. அப்போதும் பழைய 1,400ஐத் தொடவில்லை. விகிதம் ஏறிக்கொண்டே போக, வகுப்பறை காலியாகிக்கொண்டே வரும்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. ஜப்பானில் 2005இல் 1.26 ஆக இருந்த விகிதம் 2015இல் 1.45க்கு ஏறியது. நல்ல ஏற்றம்தான். ஆனால் அதே பத்து வருடத்தில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 10.6 லட்சத்திலிருந்து சுமார் 10 லட்சமாகக் குறைந்தது. பெற்றுக்கொள்ளும் வயதில் இருந்த பெண்களே குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த விகிதமும் நிலைக்கவில்லை, 2024இல் 1.15. குழந்தைகளுக்கான டயப்பர் தயாரித்துவந்த ஓஜி ஹோல்டிங்ஸ் நிறுவனம், ஜப்பான் சந்தைக்கு அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் செலுத்துவதாக 2024இல் அறிவித்தது. அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இனி உதவித்தொகைக்கு வருவோம். பணம் கொடுத்தால் பிறப்பு கூடுமா? கொஞ்சம் கூடும், பெரும்பாலும் முன்கூட்டியே கூடும். மூன்று வருடம் கழித்துப் பெற நினைத்திருந்தவர்கள் இப்போதே பெற்றுக்கொள்வார்கள். விகிதம் குதிக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த இடம் பள்ளமாக இருக்கும். ஸ்வீடனில் 1980களில், முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைவாக இருந்தால் விடுப்பு ஊதியம் குறையாது என்ற விதி வந்தது. விகிதம் 1990இல் 2.1ஐத் தொட்டது. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, பத்தாண்டு முடிவதற்குள் 1.5க்கு வந்துவிட்டது. ஹங்கேரி இன்னும் தாராளம்: மூன்றாவது குழந்தை பிறந்தால் கடன் தள்ளுபடி, நான்கு பெற்ற தாய்க்கு ஆயுளுக்கும் வருமான வரி இல்லை. 2011இல் 1.23 ஆக இருந்தது 2021இல் 1.6 வரை போனது. 2024இல் 1.4க்குக் கீழே.

ஏறவே ஏறாது என்று நான் சொல்லவில்லை. கஜகஸ்தானில் 1990களின் இறுதியில் 2க்குக் கீழே இருந்தது, 2021இல் 3ஐத் தாண்டியது. ஆனால் அதை விதியாக எடுத்துக்கொண்டு கடன் வாங்க முடியாது.

ஓராண்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஜப்பானில், அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவருக்கு ஆகாதவர்கள் என்றொரு நம்பிக்கை. அதனால் 1966இல் மட்டும் பிறப்பு கால்வாசி குறைந்து, மறு வருடமே மீண்டது. தென் கொரியாவில் 2023இல் 0.72 ஆக இருந்தது 2024இல் 0.75 ஆனதும் ‘திரும்பிவிட்டது’ என்று எழுதினார்கள். கோவிட் காலத்தில் தள்ளிப்போன கல்யாணங்கள் நடந்தன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, 1990களின் தொடக்கத்தில் அங்கே வருடத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல் பிறந்தார்கள். அவர்கள் இப்போது முப்பதைத் தாண்டும் வயதில் இருக்கிறார்கள். 2002இல் பிறந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அவர்களுக்கு முப்பது வயது ஆகும்போது என்ன ஆகும் என்பதை இன்றே சொல்லிவிடலாம். அதுவரை காத்திருப்பது இலவு காத்த கிளி கதைதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வரும் பகுதிகளின் பிறப்புப் பதிவு எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள், வருட வாரியாக. மூன்று வயதில் சேர்ப்பதாக இருந்தால் அடுத்த மூன்று வருடச் சேர்க்கை அந்தத் தாளிலேயே இருக்கிறது. முதல் குழந்தைகள் எத்தனை, இரண்டாவது எத்தனை என்று பிரித்துக் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் குழந்தைகள் குறைந்தால் இரண்டாவதும் பின்னாலேயே குறையும். உதவித்தொகை என்னவாக இருந்தாலும் சரி. அப்புறம், நாட்டின் கணக்கும் உங்கள் தெருவின் கணக்கும் ஒன்றல்ல. புதிதாகக் குடியிருப்புகள் எழும் பகுதியில், நாடு முழுக்கக் குறைந்தாலும் பிள்ளைகள் கூடலாம். அதையும் நேரில் போய்ப் பாருங்கள்.

காலியான அந்த வகுப்பறையை நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் திறப்பேன். இந்தத் துறையில் பல வருடம் இருந்ததில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தரும் விஷயம் இதுதான்: ரொக்கத்தைவிட, பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம் இருப்பது பெற்றோரின் முடிவை அதிகம் தொடுகிறது. ஜெர்மனியில் இந்த வயதினருக்கான காப்பக இடங்களைக் கூட்டியபோது பிறப்பும் சற்றுக் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்று மட்டும், கைக்குழந்தைகளுக்கு ஆள் அதிகம் வேண்டும், விதிகளும் வேறு. மாலை நேரத்தை நீட்டித்தால் எத்தனை பேர் கூடுதல் கட்டணம் தருவார்கள் என்று இப்போதுள்ள பெற்றோரிடமே கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கட்டிடத்தின் மேல் இன்னும் ஆசை இருந்தால் பத்து வருடம் வேண்டாம், மூன்று வருடத்துக்குப் பேசுங்கள். நீட்டிப்பதா இல்லையா என்ற உரிமை உங்களிடம் இருக்க வேண்டும், அதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். உரிமையாளர் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பதிவேட்டு எண்கள் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.