புதுச்சேரி மில்கள் ஏன் நொடித்துப்போயின?

“துணியால் செழித்து, பிறகு நொடித்துப்போன ஊர் எது, எதனால்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலியார்பேட்டைக்காரன். எனக்குத் தெரிந்த ஊர் புதுச்சேரிதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து ‘கினே’ என்ற துணி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்துணி. செனகலில் அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். அங்கே அது பணமாகவே புழங்கியது. அந்த வியாபாரத்தை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் சவானா மில் எழுந்தது. 1898இல் ரோடியர் மில், அதாவது பிற்பாடு ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று ஆனது. கப்ளே மில்லையும் சேர்த்தால் மூன்று. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மில் சங்கு கேட்டுத்தான் அடுப்பில் உலை ஏறும். கடைக்காரர் கடன் கொடுத்ததும் மில் சம்பளத்தை நம்பித்தான்.

இந்த ஊரின் உண்மையான பெருமை 1936இல் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு, கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். இங்குள்ள பிரெஞ்சு வீதிகளைப் படம் பிடிக்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சரி, எதனால் விழுந்தது? பிரெஞ்சு சாம்ராஜ்யத்துச் சந்தை கைவிட்டுப் போனது முதல் அடி. அப்புறம் விசைத்தறி வந்து, பெரிய மில்லால் கொடுக்க முடியாத விலைக்குத் துணியைக் கொடுத்தது. 1980களில் ரோடியர் மில் மூடப்பட்டபோது தொழிலாளர்கள் போராடி, அதை அரசையே எடுக்க வைத்தார்கள். வேலை மிஞ்சியது. ஆனால் என் கணிப்பில் பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது: சம்பளத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கினார்கள், புது இயந்திரத்துக்கும் பஞ்சு வாங்கும் முதலுக்கும் ஒதுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு ஆட்சியும் மில்லை ஓட்டு வங்கியாகப் பார்த்தது, தொழிலாகப் பார்க்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கூரைகளைப் பிய்த்துப்போட்ட பிறகு ஏ.எஃப்.டி. நிமிரவே இல்லை. தொழிலாளர்கள் லே-ஆஃபில், அதாவது வேலை கொடுக்கப்படாமல், பாதிச் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். 2020 ஏப்ரலோடு மூடியே விட்டார்கள், ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் இருந்த நேரத்தில்.

மறுபடி ஓட்ட முடியுமா என்றால், அந்தப் பழைய இயந்திரங்களை வைத்து முடியாது. ஆனால் கடலூர் சாலையில் அத்தனை ஏக்கர் கிடக்கிறது. அதில் ஒரு பகுதியிலாவது சாயம், நெசவு, தையல் சார்ந்த சிறு கூடங்கள் வரட்டும். 1936 போராட்டத்துக்கு ஒரு நல்ல அருங்காட்சியகமும் வரட்டும். மனை போட்டு விற்க மட்டும் விடக் கூடாது.